ஆடியில் போட்ட பில்லும் ஐப்பசியில் வந்த ஜாப் ஷீட்டும்

எங்கள் பக்கம் ஆவணியில் முகூர்த்தம் என்றால் சாமான்களை ஆடியிலேயே எடுத்துவிடுவார்கள். எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாத மாதம் என்று ஆடியை ஒதுக்கி வைக்கிற பெரியவர்கள்கூடத் தள்ளுபடி என்றதும் வாயைத் திறப்பதில்லை. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் ரத வீதிகள் வரை கடைக்குக் கடை பந்தலும் பேனருமாக இருக்கும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கட்டில், பீரோ என்று ஒரு குட்டியானை வண்டி நிறைய ஏற்றிவந்து பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், இறக்குவோம். அட்டைப்பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைப்போம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்று பெட்டியைச் சுற்றிவந்து வாசித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்து, தனி வீடு பார்த்து, பால் காய்ச்சிக் குடிபோகிற வரைக்கும் அந்தப் பெட்டிகள் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கிடப்பதெல்லாம் சாதாரணம். ஆனால் வாரண்டி பில் போட்ட அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

என் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக நான் எடுத்துக் கொடுத்தது இரட்டைக் கதவு பிரிட்ஜ். விலை 38,500 ரூபாய். ஆடியில் பில். அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுப் பட்டாசலில் கிடந்துவிட்டு, தை பிறந்த பிறகு பெருமாள்புரத்து வாடகை வீட்டுக்கு வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கரண்டில் மாட்டினார்கள். அந்த வருஷம் ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, குளிர்வது நின்றுவிட்டது. பில் தேதிப்படி 15 மாதம். ஓடின கணக்குப்படி பத்து மாதம்கூட நிறையவில்லை. வாரண்டி ஒரு வருஷம்தான், அது முடிந்துவிட்டது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

நான் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு தாளில் எழுதியிருக்கிற வார்த்தைக்கும் வாயால் சொன்ன வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தை முப்பது வருஷம் பார்த்தவன். இந்த விவகாரத்தில் கடைசிவரை கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

முதலில் பிரிட்ஜுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சியை வரச் சொன்னேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பின்னால் குனிந்து கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டார். பிரீசருக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். “ஒரு மூலையில மட்டும் பனி பிடிச்சிருக்கு பாத்தியளா? மத்த இடம் பூரா காஞ்சு கிடக்கு. கேஸ் போயிருக்கு அண்ணாச்சி. கம்ப்ரசர் நல்லாத்தான் ஓடுது.”

பழைய பிரிட்ஜுகளின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்குமே, சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் அதுதான். ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், பற்றவைத்துவிடலாம். இப்போது வருகிற பெரும்பாலான பிரிட்ஜுகளுக்கு முதுகு மழமழவென்று இருக்கிறது. அந்தக் குழாயைப் பக்கத் தகட்டுக்கு உள்புறமாக ஒட்டி, அதன்மேல் நுரையை நிரப்பி மூடிவிடுகிறார்கள். ஓடும்போது பக்கவாட்டில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். கதவோரம் வேர்க்காமல் இருக்க அதே குழாயில் ஒரு பகுதியைக் கதவுச் சட்டத்தைச் சுற்றியும் விடுவார்கள். பார்க்க அழகு, இடமும் மிச்சம். ஆனால் நுரைக்குள் ஈரம் இறங்கிக் குழாய் துருப்பிடித்தாலோ, ஒட்டு சரியில்லாமல் போனாலோ, ஊசிமுனை அளவு ஓட்டை போதும். உள்ளே ஓடிக் குளிர வைக்கிற ஆர் 600ஏ கேஸ் மொத்தமே ஐம்பது, அறுபது கிராம் அளவுதான்.

இதைச் சரிசெய்ய நுரையை உடைப்பது நடக்கிற காரியம் இல்லை. குழாயை இரண்டு பக்கமும் அறுத்து, நைட்ரஜன் ஏற்றி, எந்தப் பக்கத்தில் மீட்டர் முள் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கசிகிற பக்கத்தை அப்படியே கைவிட்டுவிட்டு, முதுகில் பழைய மாதிரி ஒரு வலையை மாட்டிப் புது கேஸ் ஏற்றுவார்கள். குளிரும். ஆனால் கதவோரம் மழைக்காலத்தில் வேர்த்து வடியும். மெக்கானிக் அண்ணாச்சி இதற்கு 4,500 ரூபாய் சொன்னார். சொல்லிவிட்டு அவரே, “நான் கை வச்சிட்டா அப்புறம் கம்பெனிக்காரன் இதுக்கு நான் பொறுப்பில்லன்னுருவான். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். நேர்மையான மனுஷர். அன்றைக்கு வந்துபோன கூலியாக 200 ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

இது மாதிரி விவகாரங்களில் யாரும் சொல்லாத சிக்கல் இதுதான். பழுதான சாமானே சாட்சி. வெளியே கொடுத்துப் பழுது பார்த்தால் சாட்சி போய்விடும். பார்க்காமல் வைத்திருந்தால் வீட்டில் மாவு புளிக்கும், பால் திரியும், மாமியார் வீட்டில் பேச்சு கிளம்பும். “மாமா, எத்தனை நாளைக்கு இப்படி வச்சிக்கிட்டு இருக்க?” என்று அக்கா மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் என் அம்மா காலத்துச் சிங்கிள் டோர் ஒன்று சும்மா நின்றது. அதைக் கொண்டுவந்து ஓட்டச் சொன்னேன். பார்க்கிறவர்கள் எல்லாம் “அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான்” என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் சீக்கிரமே செத்துப்போன பிரிட்ஜுகளெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். கரண்ட் பில்லும் அந்த இரண்டு மாதத்தில் நன்றாகவே ஏறியது.

அப்புறம்தான் கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தோம். வந்த பையனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். நேரடிக் கம்பெனி ஆள் இல்லை, காண்டிராக்ட் எடுத்தவரிடம் வேலை பார்க்கிறவன். ஒரு காலுக்கு இவ்வளவு என்று கணக்கு. அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவனும் கேஸ் லீக் என்றுதான் சொன்னான். கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று கதவில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறதே என்றேன். “அது கம்ப்ரசருக்கு மட்டும் சார். கேஸு, பைப்பு, போர்டு, லேபர் எதுவும் அதுல வராது” என்றான். வாரண்டி அட்டையைப் பொடி எழுத்தில் வாசித்தால் அப்படித்தான் இருக்கிறது. இதயத்துக்குப் பொறுப்பு, ரத்தத்துக்கு இல்லை என்கிற கணக்கு.

வந்து பார்த்த விவரத்தை எழுதுகிற தாளான ஜாப் ஷீட்டை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினான். வாங்கி வாசித்தேன். ஆங்கிலத்தில் நாலே வார்த்தை: வாரண்டி முடிந்தது, எஸ்டிமேட்டை வாடிக்கையாளர் ஏற்கவில்லை. என்ன பழுது என்று ஒரு எழுத்து இல்லை. இந்தத் தாளோடு நாளைக்கு எங்கே போய் நின்றாலும், சரிசெய்ய வந்தார்கள், நான்தான் காசு தர மறுத்தேன் என்றுதான் அர்த்தமாகும்.

“தம்பி, பழுது என்னன்னு எழுதலையே?” என்றேன்.

“ஆப்புல போட்டுருவேன் சார்.”

“ஆப்புல போடு. இதுலயும் எழுது. நீ என்கிட்ட வாயால சொன்னதைத்தான் கேக்குறேன்.”

கொஞ்சம் தயங்கினான். யாருக்கோ போன் போட்டான். அப்புறம் எழுதினான்: உள்ளே மூடப்பட்ட குழாயில் கேஸ் கசிவு, கம்ப்ரசர் ஓடுகிறது, வெளிச்சேதம் இல்லை. மூன்றாவதை எழுத வைக்கத்தான் சிரமமாக இருந்தது. அடி, நசுங்கல், எலி கடி, தண்ணீர் புகுந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று அவனையே சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இல்லை என்றான். இல்லை என்றால் இல்லை என்று எழுது என்றேன். அதற்குக் கீழே, பழுதை இலவசமாக நீக்கக் கோரியிருக்கிறேன், எஸ்டிமேட் தொகையை ஏற்கவில்லை என்று நானே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போகும்போது ஓடிபி கேட்டான். போனில் வந்திருந்த செய்தியை வாசித்தால், புகார் தீர்க்கப்பட்டது என்று உறுதிப்படுத்துவதற்கான எண் அது. பழுது அப்படியே இருக்க எப்படித் தீர்ந்தது என்று சொல்வது? கொடுக்கவில்லை. பையனுக்கு அன்றைக்கு ஒரு கால் கணக்கில் குறைந்திருக்கும். அதற்காக, அவன் வந்துபோன கட்டணம் ஐநூற்றுச் சொச்சத்தைப் பேரம் பேசாமல் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டேன். அந்த ரசீதும் பின்னால் உதவியது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இப்போது நடப்பில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 1986ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்த டிசம்பர் 24ஆம் தேதியைத்தான் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வாரண்டி என்பது கம்பெனி தானாக ஒத்துக்கொண்ட பொறுப்பு. அது முடிந்தால் சட்டம் கொடுத்த உரிமையும் முடிந்துவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பொருளின் குறைபாடு எது என்று பிரிவு 2(10) சொல்கிறது: சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ, அல்லது விற்கிறவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் அதன்படியோ, இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் அது குறைபாடு. ஒரு வருஷம் என்கிற பேச்சே அதில் இல்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்திலும், அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவர் விற்கிற பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே சேர்ந்த நிபந்தனையாக இருக்கிறது. 38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பிரிட்ஜ் பத்து மாதம்தான் குளிரும் என்று யாரும் நினைத்து வாங்குவதில்லை.

அதற்காக வாரண்டி முடிந்த எல்லாச் சாமானுக்கும் கம்பெனிதான் பொறுப்பு என்று நான் சொல்லவரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷனிலும் சிந்துபூந்துறையிலும் எத்தனை வீட்டுப் பிரிட்ஜ் தண்ணீரில் மிதந்தது! அது எந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை. வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்குத்தான் வழி. குறைபாடு தயாரிப்பில் வந்தது என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அதில்தான் பழுதுக்குப் பழுது வித்தியாசம்.

கம்பெனிகளிடம் தயாராக இருக்கிற பதில்கள் நாலைந்துதான். வோல்டேஜ் ஏறி இறங்கியது. எலி கடித்தது. போர்டில் பல்லி விழுந்தது. உப்புத் தண்ணீர். இவற்றில் உண்மையும் உண்டு. ஏசியின் வெளி யூனிட்டில் பல்லி புகுந்து போர்டு கருகுவதை நானே பார்த்திருக்கிறேன். கருகின பல்லி இரண்டு முனைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆத்துத் தண்ணீர் வருகிற தெருவில் ஓடுகிற வாஷிங் மெஷினும், போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற புதுக் காலனியில் ஓடுகிற வாஷிங் மெஷினும் ஒரே மாதிரி உழைக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே எரிந்துபோன போர்டுக்காக வழக்குப் போட்டால் கம்பெனிக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். நுரைக்குள் மூடிவைத்த குழாய் அப்படி இல்லை. எலி போகாது, பல்லி போகாது, நம் கையும் போகாது. வோல்டேஜ் ஏறினால் கம்ப்ரசரோ போர்டோ போகலாம். குழாயில் ஓட்டை விழாது. பின்னால் நாங்கள் போட்ட மனுவின் உயிர் இதைச் சொன்ன ஒரு பத்திதான்.

கம்பெனியும் வோல்டேஜைத்தான் முதலில் பிடித்தது. ஸ்டெபிலைசர் வைக்கவில்லை என்று பதில் மெயில் வந்தது. பிரிட்ஜ் கதவில் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று அவர்களே ஒட்டின ஸ்டிக்கர் இருந்தது. நம் வீடுகளில் வாங்கி அஞ்சு வருஷமானாலும் ஸ்டிக்கரைக் கிழிக்கிற வழக்கம் இல்லையே, அது நல்லதாகப் போயிற்று. போட்டோ எடுத்து அனுப்பினேன். விற்கிறவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் என்று பிரிவு 2(10)இல் இருக்கிறதல்லவா, ஸ்டிக்கரும் அதில் அடக்கம்தான். அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதிலும் பேச இடம் இருந்தது. ஆள் வந்து மாட்டிக் கொடுத்தால்தான் ஓடும் என்கிற சாமான்களுக்கு, வாங்கிய நாளை விட்டுவிட்டு மாட்டிய நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும்படி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. அது அறிவுரைதான், கட்டளை இல்லை. இருந்தாலும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள உதவும். மாட்டிக் கொடுக்க வந்த ஆளின் சீட்டு இருந்தால்தான் அந்த வரிக்கு வலு. சீர் சாமான் பெட்டியோடு கிடக்கிற வீடுகளில் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பில்லையும்தான். இப்போது தருகிற பில் தாள் ஆறு மாதத்தில் வெளுத்து வெறுந்தாளாகிவிடுகிறது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிட வேண்டும். சில கடைகளில் எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் வேண்டுமானால் விலை கூடும் என்பார்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது.

பில் என் பெயரில், பிரிட்ஜ் அக்கா மகள் வீட்டில் இருந்ததால் யார் புகார் கொடுப்பது என்று கேட்டார்கள். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். சீர் கொடுக்கிற ஊரில் இது பெரிய சௌகரியம். பெட்டிக்கடையில் வைத்துப் பிழைக்கிற பிரீசர் என்றால்கூட, சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியது என்று காட்டினால் வணிக நோக்கம் என்று தள்ள முடியாது.

1915க்குப் போன் செய்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். எங்களுக்கு அதில் கிடைத்த பதில் லேபர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. தள்ளுபடியில் வாங்கியதற்குத் தள்ளுபடியில் பழுது. வேண்டாம் என்று சொன்னோம், ஆனால் அந்தப் புகார் எண்ணும் பதிலும் ஃபைலில் ஏறியது.

கடைக்காரரிடம் போனது எனக்குச் சங்கடமான பகுதி. தெரிந்த மனுஷர். காபி வாங்கிக் கொடுத்தார். “அண்ணாச்சி, நாங்க வித்ததோட சரி. கம்பெனிக்காரவ பாத்துக்கிடுவாவ. எங்கள எதுக்கு இழுக்கிய?” என்றார். ஆனால் காசு வாங்கியவர் அவர்தான். பில்லில் இருப்பது அவர் கடைப் பெயர். கம்பெனியை மட்டும் சேர்த்தால் நாங்கள் உங்களுக்கு நேரடியாக விற்கவில்லை என்பார்கள்; கடையை மட்டும் சேர்த்தால் தயாரித்தது நாங்கள் இல்லை என்பார்கள். இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகப் போடுவதுதான் முறை. அதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். தவணையில் வாங்கியிருந்தால் மூன்றாவதாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியும் நடுவில் நிற்கும். பிரிட்ஜ் ஓடாது என்பதற்காகத் தவணையை நிறுத்தினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும். அந்தக் கடன் தனி ஒப்பந்தம்.

அக்காவுக்கோ வழக்கு என்ற சொல்லே பிடிக்கவில்லை. “ஏலே, ஒரு பிரிட்ஜுக்காகக் கோர்ட்டுப் படி ஏறணுமா? ஊரு என்ன பேசும்?” எங்கள் வீடுகளில் கோர்ட்டுப் படி என்றால் சொத்துச் சண்டை, அண்ணன் தம்பி பேச்சில்லாமல் போவது. இந்தப் படி அப்படியானதல்ல என்று புரியவைக்கக் கொஞ்சம் நாளானது. வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நாம் குடியிருக்கிற ஊரிலோ வேலை பார்க்கிற ஊரிலோ போடலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த பெரிய மாற்றம். ஆன்லைனில் வாங்கியவர்கள் விற்றவன் இருக்கிற ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலவரம்பு 2 வருஷம். அது பழுது தெரிந்த நாளிலிருந்து என்று நாம் வாதாடலாம். ஆனாலும் பில் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு அதற்குள் போட்டுவிடுவதுதான் பத்திரம்.

முதலில் இரண்டு பேருக்கும் நோட்டீஸ், ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. என்ன வாங்கினோம், எப்போது மாட்டினோம், எப்போது நின்றது, ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது, என்ன கேட்கிறோம், 15 நாளில் பதில் வேண்டும். ஒரு பக்கம்தான். மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கேட்கவில்லை. 38,500 ரூபாய்ச் சாமானுக்கு 5 லட்சம் உளைச்சல் என்று எழுதினால் மற்ற வரிகளின் நம்பகமும் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். பழுதை நீக்கு, முடியாவிட்டால் புதிது கொடு, அதுவும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு, கூடவே அலைச்சலுக்கும் செலவுக்கும் 15,000. பிரிவு 39இன்படி ஆணையம் இவற்றையெல்லாம் உத்தரவிடலாம்.

நோட்டீஸுக்குக் கடையிலிருந்து பதில் இல்லை. கம்பெனியிலிருந்து, தேய்மானம் கழித்துப் பாதி விலைக்குக் கூப்பன் தருகிறோம் என்று வந்தது. மனுவை ஆன்லைனில் ஏற்றினோம். அக்கா மகள்தான் உட்கார்ந்து ஸ்கேன் செய்து போட்டாள். பில், மாட்டிக் கொடுத்த சீட்டு, ஜாப் ஷீட், ரசீது, 1915 பதில், நோட்டீஸ், தபால் ஒப்புகை, போட்டோக்கள், நோட்டரி கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம். பேட்டை மெக்கானிக் அண்ணாச்சியும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேவைப்பட்டால் ஆணையமே பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டியிருக்கும். ஒரு பிரிட்ஜை அப்படி அனுப்புவது லேசான வேலை இல்லை. அதனால்தான் கம்பெனி ஆள் கையாலேயே எழுதின தாள் இவ்வளவு முக்கியம்.

ஆணையத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும், கூடுதலாக 15 நாள் வரை ஆணையம் கொடுக்கலாம், அதற்கு மேல் கிடையாது. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கம்பெனி வக்கீல் வக்காலத்துப் போட்டு அவகாசம் வாங்கினார். அந்த அவகாசம் முடிவதற்குள் சமரசம் பேசப் போன் வந்தது. எழுபது சதவீதப் பணம் என்று ஆரம்பித்து, கடைசியில் அதே அளவில் புது பிரிட்ஜ் என்பதில் நின்றது. செலவுத் தொகை தர மாட்டோம் என்றார்கள். எனக்கு விட மனமில்லை. ஜெயித்துவிடுவோம் என்று நம்பிக்கை இருந்தது. “மாமா, எனக்கு வேண்டியது பிரிட்ஜ். கேஸு நீங்க ஜெயிக்கதுக்கு அது இன்னும் ஒரு வருஷம் ஓடணுமா?” என்றாள் அவள். ஒத்துக்கொண்டேன்.

ஆனால் போனில் பேசியதோடு விடவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து கூட்டு மெமோ எழுதி ஆணையத்தில் தாக்கல் செய்து, அதன்படி உத்தரவு வாங்கினோம். மாடல், புது வாரண்டி மாட்டிய தேதியிலிருந்து ஒரு வருஷம், பழையதை எடுத்துப்போகிற செலவு அவர்களுடையது, இத்தனை நாளுக்குள் என்று எல்லாம் மெமோவில் இருக்கிறது. வாரண்டித் தேதியைச் சேர்க்கச் சொன்னபோது வக்கீல், “இதெல்லாம் வழக்கமில்லையே சார்” என்றார். அப்புறம் சேர்த்தார். கூட்டிச் சொன்னால் மாசிக்குள் புது பிரிட்ஜ் வந்துவிட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் முடியாது. சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்படுவதை 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக வருஷக்கணக்கில் இழுக்கிற வழக்குகளும் இருக்கின்றன. உத்தரவு வந்த பிறகு கம்பெனி மேல்முறையீடு செய்ய நினைத்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்து வழக்குகளுக்கு மதுரை அமர்வு இருக்கிறது. உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீட்டை எடுப்பார்கள். மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் பிரிவு 72இன் கீழ் மனுப் போடலாம்: ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கூட்டு மெமோவாக இருந்தாலும் ஆணையத்தின் உத்தரவாக ஏறிவிட்டால் இது பொருந்தும். போனில் ஒத்துக்கொண்டு மனுவை வாபஸ் வாங்கிவிட்டால் பொருந்தாது. வாபஸ் வாங்குங்கள், மறுநாளே சாமான் வந்துவிடும் என்று எங்களிடமும் கேட்டார்கள்.